மைத்துனருக்கு ஒரு பக்கம்

சான்று அந்தச் சிவப்புப் பெட்டியைக் கட்டுரையின் தலையில் வைத்தபோது சனிக்கிழமை காலை மணி பத்து. மாலை ஆறரைக்கெல்லாம், அதை எப்படியாவது எடுத்தாக வேண்டும் என்று ஆகிவிட்டது.

சான்று என்பது ஆபீஸில் அவருக்கு வைத்த பெயர். குடிநீர் வாரியத்தில் புதிய குழாய் இணைப்பு கேட்டு வரும் விண்ணப்பங்களைச் சரிபார்ப்பது அவர் வேலை. 'உரிய சான்று இணைக்கப்படவில்லை' என்று எழுதித் திருப்பி அனுப்புவதில் பதினாலு வருஷ அனுபவம். வெளியே மழை பெய்கிறது என்று யாராவது சொன்னால்கூட, ஜன்னல் வழியாகக் கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் குடையை எடுப்பார். அந்தப் பெயரில் அவருக்கு வருத்தமில்லை, உள்ளூரப் பெருமைதான். அதனால், யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்கிற அந்த இணையக் கலைக்களஞ்சியத்தில் சேர்ந்தபோது அங்கேயும் 'சான்று' என்றே பதிந்துகொண்டார்.

அங்கே அவர் எழுதியது குறைவு, நீக்கியது அதிகம். தங்களைத் தாங்களே கவிஞர் என்று போட்டுக்கொண்டவர்கள், மாமனாரைத் தத்துவஞானி ஆக்கிய மாப்பிள்ளைகள் என்று பல பேருடைய புகழை அவர் ஒரு சிவப்புப் பெட்டியால் முடித்து வைத்திருக்கிறார். 'இக்கட்டுரையை நீக்கலாமா?' என்று கேட்கும் பெட்டி அது. வைத்த நாளிலிருந்து ஏழு நாள் விவாதம் நடக்கும். எட்டாம் நாள் நிர்வாகி வந்து தீர்ப்புச் சொல்வார்.

இந்தச் சனிக்கிழமை மாட்டியது, புதிய சுகாதார அமைச்சரின் மைத்துனர். 'அமைச்சரின் மனைவியுடைய உடன்பிறந்த தம்பி. சமூக சேவகர், சிந்தனையாளர், விளையாட்டு ஆர்வலர். அமைச்சரின் முக்கிய முடிவுகள் எல்லாம் இவரைக் கலந்தே எடுக்கப்படுகின்றன.' கட்டுரை அவ்வளவுதான். என்ன சேவை செய்தார், எதைச் சிந்தித்தார், எந்த விளையாட்டில் ஆர்வம் என்று ஒரு வரி கிடையாது. எழுதியவர் ஒரே ஒரு நாள் வந்து, இதை மட்டும் எழுதிவிட்டுப் போய்விட்ட யாரோ.

'பெரிய மனிதருக்குச் சொந்தக்காரராக இருப்பது சாதனை ஆகாது,' என்று சான்று எழுதினார். 'பத்திரிகைகள் இவரைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கின்றனவா? ஆதாரம் எங்கே?' எழுதிவிட்டு மூன்று தடவை படித்துப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது.

மாலை ஆறரைக்கு மனைவி வந்தாள். நாலு மணி நேரப் பஸ் தூரத்தில் இருக்கும் அரசு மருத்துவமனையில் நர்ஸ். சனிக்கிழமை சாயங்காலம் வந்தால் திங்கட்கிழமை விடிவதற்குள் கிளம்பிவிட வேண்டும். இரண்டு வருஷமாக இதே கதைதான்.

"என்னங்க, நல்ல செய்தி!" என்றாள், தோளிலிருந்த பையைக்கூட இறக்காமல். "என் டிரான்ஸ்ஃபர் ஃபைல் நகர்ந்திருச்சு. புது மந்திரி ஆபீஸுக்கே போயிருச்சாம்."

"அப்படியா!"

"இனிமே ஒரே ஒரு ஆள் சொன்னாப் போதுமாம். மந்திரியோட மச்சான். அங்க எல்லாமே அவர் பேச்சுத்தானாம்."

சான்று கம்ப்யூட்டர் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "யார் சொன்னது?"

"எங்க தலைமை நர்ஸ்."

"அவங்களுக்கு யார் சொன்னது?"

"ஆரம்பிச்சுட்டீங்களா? கலைக்களஞ்சியத்துலயே போட்டிருக்காம். ஆனா பாருங்க, இன்னைக்கு எவனோ ஒரு வெட்டிப்பய, அந்த மனுஷரைத் தூக்கணும்னு எழுதி வெச்சிருக்கானாம். அவனுக்கு வீட்ல பொண்டாட்டி பிள்ளைங்க கிடையாதா?"

பொண்டாட்டி எதிரே நின்றுகொண்டிருந்தாள். பிள்ளை உள்ளே வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தது. மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கு வாரத்தில் ஐந்து நாள் சான்றுதான் தலை பின்னிவிடுவார். ஒரு பின்னல் காதுக்கு மேலேயும் இன்னொன்று கழுத்துக்குக் கீழேயுமாகத் தொங்கும். பள்ளிக்கூடத்தில் டீச்சர் அவிழ்த்துத் திரும்பப் பின்னிவிடுவதாகக் கேள்வி. அந்தப் பின்னலைப் பார்க்கிற ஒவ்வொரு சனிக்கிழமையும் மனைவி ஒன்றும் பேசாமல் சீப்பை எடுத்துக்கொண்டு உட்காருவாள். அது அவரை என்னவோ செய்யும். இந்த மாற்றம் அந்த வீட்டில் எல்லோருக்கும் வேண்டியிருந்தது.

மனைவி முகம் கழுவப் போன நேரத்தில் சான்று கம்ப்யூட்டரின் முன் ஓடி உட்கார்ந்தார். பெட்டியை எடுத்துவிட்டால் விஷயம் முடிந்தது. எடுக்க முடியவில்லை. ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர் ஒருவர் அதற்குள் வந்து, 'முழு ஆதரவு. உடனே நீக்குக' என்று எழுதியிருந்தார். வேறு ஒருவர் ஆதரித்துவிட்டால், பரிந்துரைத்தவர் பின்வாங்கக் கூடாது என்பது விதி. போன வருஷம் அந்த விதியைப் பிடிவாதமாக நின்று கொண்டுவந்தவரே சான்றுதான்.

ஒரே வழி, மைத்துனரைப் பற்றிப் பத்திரிகையில் வந்த செய்தியைத் தேடிப் பிடித்து ஆதாரமாக வைப்பது. ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தேடினார். மைத்துனரைப் பற்றி ஒரு வரிகூட எங்கேயும் வந்திருக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமைகூட என்ன கம்ப்யூட்டர்ல?" என்றாள் மனைவி.

"உன் டிரான்ஸ்ஃபர் வேலைதான்," என்றார். அதுவரை பொய் இல்லை.

திங்கட்கிழமை மதியம், ஆபீஸுக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் மாலைப் பத்திரிகை நிருபரைப் பிடித்தார். நிருபருக்கு டீ சொல்லிவிட்டு மெதுவாக விஷயத்துக்கு வந்தார்.

"மந்திரியோட மைத்துனரைப் பத்தி நல்லதா ஒரு நாலு வரி போடலாமே சார்?"

"நல்லதுன்னா? என்ன பண்ணியிருக்கார்?"

"அதைத்தான் நீங்க எழுதணும்."

நிருபர் கிளாஸைக் கீழே வைத்தார். "நீங்க தண்ணி ஆபீஸ்ல இருக்கீங்க. உங்களுக்கு எதுக்கு அவர் மேல இந்தத் திடீர் பாசம்?"

சான்றுக்கு மறைத்துப் பேச வராது. பேராசிரியர், சிவப்புப் பெட்டி, ஏழு நாள் விதி என்று எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டார். மனைவியின் மாற்றத்தை மட்டும் எப்படியோ விழுங்கிக்கொண்டார். நிருபர் டீக்கு நன்றி சொல்லிவிட்டு, மீதி டீயைக் குடிக்காமலேயே எழுந்து போனார்.

செவ்வாய்க்கிழமை மாலை முதல் பக்கத்தில் வந்தது: 'அமைச்சரின் மைத்துனர் பெரிய ஆளா இல்லையா? கலைக்களஞ்சியத்தில் கடும் மோதல்! சான்று என்பவர் போர்க்கொடி!' உள்ளே, 'அமைச்சரின் முக்கிய முடிவுகளை எடுப்பவர் இவரே என்று கலைக்களஞ்சியம் தெரிவிக்கிறது' என்றும் இருந்தது.

அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. புதன்கிழமை காலை மனைவியிடமிருந்து போன்.

"ஏங்க, பேப்பர்ல யாரோ சான்றுன்னு போட்டிருக்கே?"

"ஊர்ல எத்தனையோ சான்று."

"உங்க ஆபீஸ்ல எத்தனை?"

சான்று போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"நீங்கதானா அந்த வெட்டிப்பய?"

"எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா..."

"பரவாயில்லைங்க," என்றாள் அவள். "எனக்கு பஸ்லயே தூங்கிப் பழகிருச்சு. குழந்தைதான் பாவம்." போனை வைத்துவிட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

ஆபீஸுக்குப் போனால் மேலாளர் வாசலிலேயே காத்துக்கொண்டிருந்தார்.

"சான்று சார், நீங்க லீவு எடுத்தா நாம பயந்துட்டோம்னு நினைப்பாங்க. வந்தா நான் உங்களுக்கு ஆதரவுன்னு நினைப்பாங்க. அதனால கொஞ்ச நாளைக்கு வராத மாதிரி வாங்களேன்."

"அது எப்படி சார்?"

எப்படி என்று மேலாளர் ஏற்பாடு செய்திருந்தார். சான்றின் மேசையை இரண்டு பீரோக்களுக்குப் பின்னால் தள்ளிப் போட்டிருந்தார். விண்ணப்பங்கள் இடுக்கு வழியாக உள்ளே வந்தன, அதே இடுக்கு வழியாகத் திரும்பிப் போயின.

களஞ்சியத்தில் அதற்குள் திருவிழாக் கூட்டம். புதிதாக நாற்பத்து மூன்று பேர் பதிந்துகொண்டு உள்ளே வந்திருந்தார்கள். 'எங்கள் ஊருக்குப் பாலம் கொண்டுவந்த வள்ளல்!' என்றார் ஒருவர். 'அந்தப் பாலத்தில் ஊழல் செய்தவரே இவர்தான்' என்றார் எதிர்க்கட்சி அன்பர். எந்தப் பாலம் என்று சான்று கேட்டதற்கு இரண்டு பேரும் சேர்ந்து அவரைத் திட்டினார்கள். 'ஆறடி உயரம், அதிர்ந்து பேசமாட்டார்' என்றார் இன்னொருவர். 'குள்ளமாக இருந்தாலும் குரல் கணீரென்று இருக்கும்' என்றார் அடுத்தவர். ஒருவர் போட்டோவே போட்டார். ஏதோ மேடையில் அமைச்சர் நிற்கிறார், ஓரத்தில் ஒரு முழங்கை தெரிகிறது. 'வலது பக்கம் நிற்பவர் மைத்துனர்' என்று அடியில் குறிப்பு. பேராசிரியர் மட்டும் அசையாமல், 'முழங்கைக்குக் கட்டுரை தேவையில்லை' என்று பதில் எழுதினார்.

மற்ற நாளாக இருந்தால் சான்று அந்தப் பதிலுக்குக் கைதட்டியிருப்பார்.

புதிதாகப் பதிந்தவர்களின் கருத்து விவாதத்தில் எடுபடாது. ஆனால் பத்திரிகைச் செய்தி எடுபடும். வியாழக்கிழமைக்குள் இன்னும் நாலு பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. எதிர்க்கட்சித் தலைவர், மைத்துனர் உடனே பதவி விலக வேண்டும் என்றார். எந்தப் பதவியிலிருந்து என்று சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. காரில் ஏறிக்கொண்டிருந்த அமைச்சரிடம் மைக்கை நீட்டினார்கள். "என் குடும்பத்தை அரசியலுக்கு இழுக்காதீங்க," என்று கதவைச் சாத்திக்கொண்டார் அவர். 'மைத்துனர் விவகாரம்: அமைச்சர் மறுக்கவில்லை' என்று மறுநாள் வந்தது.

வெள்ளிக்கிழமை மதியம், பீரோக்களின் இடுக்கில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரிய உடம்பு நுழையப் பார்த்து, முடியாமல், தலையை மட்டும் உள்ளே விட்டது. அமைச்சரின் கட்சிக்காரர்.

"நீதானாய்யா சான்று?"

சான்று கையிலிருந்த விண்ணப்பத்தைக் கீழே வைத்தார். எழுந்து நின்றார். "அண்ணே, நான் எதிரி இல்லண்ணே. தெரியாமப் பண்ணிட்டேன்."

"மைத்துனர் ஐயாவுக்கு எவ்வளவு வருத்தம் தெரியுமா?"

"ஐயாவே சொன்னாங்களா?"

"அவர் சொல்லுவாரா? பெருந்தன்மையான மனுஷர். வெளிய காட்டிக்க மாட்டார்."

"நேர்ல வந்து மன்னிப்புக் கேட்டுக்கிறேண்ணே."

"நேர்லயா!" கட்சிக்காரர் சிரித்தார். "இருபது வருஷமா கட்சியில இருக்கேன். எனக்கே அவர் இன்னும் நேரம் குடுக்கல. உனக்குக் குடுத்துருவாரா?"

அதற்கு மேல் சான்றால் தாங்க முடியவில்லை. மனைவியின் மாற்றத்தை, பஸ்ஸை, மகளின் கோணல் பின்னலை எல்லாம் சொன்னார். கடைசியில் கண்ணே கலங்கிவிட்டது. கட்சிக்காரரும் கொஞ்சம் இளகினார். அவருக்கும் பெண் குழந்தைதானாம்.

"இதுக்குப் போயா இவ்வளவு? உங்க வீட்டம்மா பேர்ல ஒரு மனு எழுது. மேல 'மைத்துனர் ஐயா பரிந்துரை'ன்னு ஒரு வரி போடு. நேரா மந்திரி ஆபீஸ்ல குடுத்துரு. இந்த வாரம் முழுக்க அப்படித்தான் எல்லாரும் குடுக்கறாங்க, மளமளன்னு நடக்குது."

"அவர் கையெழுத்து?"

"அவர் கையெழுத்துப் போட மாட்டார்யா. அதான் அவர் பெருமை."

பதினாலு வருஷமாகக் கையெழுத்து இல்லாத விண்ணப்பத்தை இரண்டு விரலால் தூக்கித் திருப்பி அனுப்பிய மனிதர் சான்று. வீட்டு வரி ரசீதில் முத்திரை மங்கலாக இருந்ததற்காக ஒரு தலைமை ஆசிரியரை மூன்று முறை அலைய விட்டவர். அன்று மாலை, கையெழுத்தும் இல்லாமல், முத்திரையும் இல்லாமல், 'மைத்துனர் ஐயா பரிந்துரை' என்று தன் கைப்பட எழுதிய ஒரு மனுவை அமைச்சர் அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார். வாங்கிய எழுத்தர் அந்த வரியைப் படித்ததும் எழுந்து நின்றே வாங்கிக்கொண்டார். வெளியே வந்த சான்றுக்குக் கூச்சமாக இருந்தது. முகத்தை யாரோ பார்ப்பது போலவே இருந்தது. ஆனாலும் மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்ளத் தோன்றவில்லை.

சனிக்கிழமை களஞ்சிய நிர்வாகி தீர்ப்பு எழுதினார். 'இவர் குறிப்பிடத்தக்கவரா என்ற விவாதத்தை ஐந்து பத்திரிகைகள் விரிவாக எழுதியுள்ளன. ஐந்து பத்திரிகைகள் எழுதியதால் இவர் குறிப்பிடத்தக்கவர். கட்டுரை தொடரும்.'

சான்று விட்ட பெருமூச்சில் மேசைமேல் இருந்த காகிதம் பறந்தது. இதற்குள் கட்டுரையும் நன்றாக ஊதியிருந்தது. இளமைப் பருவம், பொதுவாழ்வு, பாலம், சர்ச்சைகள் என்று நாலு தலைப்பு, கீழே முப்பத்தோரு ஆதாரங்கள். பத்திரிகைகள் களஞ்சியத்தைப் பார்த்து எழுதின, களஞ்சியம் பத்திரிகைகளைப் பார்த்து எழுதியது. சிவப்புப் பெட்டி போய்விட்டது. பேராசிரியர் மனம் வெறுத்து, 'இனி நான் பாசிகளைப் பற்றி மட்டுமே எழுதுவேன்' என்று அறிவித்துவிட்டு விலகிக்கொண்டார். ஒரே ஒரு இடத்தில் மட்டும் சான்றுக்குக் கை சும்மா இருக்கவில்லை. பிறந்த தேதி என்ற கட்டம் காலியாக இருந்தது. பழக்க தோஷத்தில் அதன் பக்கத்தில் 'ஆதாரம் தேவை' என்று போட்டுவிட்டு வந்தார்.

அடுத்த வியாழக்கிழமை, பீரோக்களுக்குப் பின்னால் போன் அடித்தது.

"ஏங்க!" மனைவி அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "ஆர்டர் வந்துருச்சுங்க! நம்ம ஊர் ஆஸ்பத்திரிக்கே! மைத்துனர் பரிந்துரைன்னு ஃபைல்லயே குறிச்சிருக்காங்களாம். தலைமை நர்ஸ் என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்க, தனக்கும் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லி."

சான்று பீரோவில் அப்படியே சாய்ந்துவிட்டார். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். வெளியே வந்தபோது மேலாளர் கை கொடுத்தார். மாலைக்குள் அவர் மேசை பழைய இடத்துக்கே, ஜன்னலோரமாகவே, வந்துவிட்டது.

சனிக்கிழமை மனைவி இரண்டு பெட்டியும் மூன்று மூட்டையுமாக வந்து இறங்கினாள். மகள் சீப்பை எடுத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

"நாளைக்கு நேர்ல போயி அந்த மனுஷருக்கு நன்றி சொல்லிட்டு வந்துருங்க," என்றாள் மனைவி, பின்னிக்கொண்டே. "தூக்கணும்னு எழுதினவர் பொண்டாட்டிக்கே செஞ்சிருக்கார். யாருங்க அப்படிச் செய்வா?"

சான்றுக்கும் அது உறுத்திக்கொண்டுதான் இருந்தது. நன்றி சொல்ல வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும். முடிந்தால் அந்தப் பிறந்த தேதியையும் கேட்டுக்கொண்டு வந்துவிட வேண்டும். அது ஒன்றைப் போட்டுவிட்டால் கட்டுரை பூரணமாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை காலை நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு, ஒரு கூடைப் பழமும் ஒரு சின்ன நோட்டுப் புத்தகமுமாக அமைச்சர் வீட்டுக்குப் போனார்.

கேட்டுக்கு வெளியே வரிசை நின்றது. எல்லோர் கையிலும் பழக்கூடை. அவருக்கு முன்னால் நின்றவருக்கு ஓய்வூதியம் வந்திருந்தது, அதற்கு முன்னால் நின்றவருடைய மகனுக்கு வேலை கிடைத்திருந்தது. எல்லாம் மைத்துனர் தயவு. "மனுஷர்னா அவர்தான் சார்," என்றார் ஓய்வூதியக்காரர். சான்று மனதார ஆமோதித்தார். இப்படிப்பட்டவரையா நீக்கப் பார்த்தோம் என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

கேட்டில் நரைத்த மீசையோடு ஒரு காவலாளி உட்கார்ந்து, பெரிய நோட்டில் பெயர் எழுதிக்கொண்டிருந்தார்.

"நன்றியா, சிபாரிசா?" என்றார் நிமிராமல்.

"நன்றிங்க."

"பழத்தை அந்த பெஞ்சுல வெச்சுட்டுப் போங்க. மந்திரி வீட்டம்மா ஏதாவது விடுதிக்குக் குடுத்தனுப்பிருவாங்க."

"மைத்துனர் ஐயாவை ஒரே ஒரு நிமிஷம் பாத்துட்டு..."

"பாக்க முடியாதுங்க."

"தெரியும், யாருக்கும் நேரம் குடுக்க மாட்டாரு. உள்ள போய்க் கேட்டாவது சொல்லுங்களேன், அவர் பிறந்த தேதி மட்டும். எழுதற விஷயத்துல ஆதாரம் இல்லாம எதையும் விடறது என் பழக்கம் இல்ல."

காவலாளி பேனாவைக் கீழே வைத்தார். சான்றை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பக்கத்தில் யாரும் கேட்கவில்லையே என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"இந்த கேட்ல இருபத்தாறு வருஷமா நிக்கிறேன் சார், இத்தனை நாள்ல அவரைப் பத்தி ஒரு கேள்வி கேட்ட முதல் ஆள் நீங்கதான், அதனால சொல்றேன்: மந்திரி வீட்டம்மா அவங்க அப்பா அம்மாவுக்கு ஒரே பொண்ணு, கூடப் பொறந்தவங்கன்னு யாருமே கிடையாது."